பாருஸ்: கற்பூரம் ஏறிய துறைமுகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாருஸ் என்ற சிற்றூரைப் பற்றித் தமிழ் வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே கல்லை, அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டைச் சுற்றியே வருகின்றன. அந்தக் கல்லைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் பாருஸ் அந்தக் கல்லோடு முடிந்துபோகிற ஊர் அல்ல.

பாருஸ் எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ரா மாநிலத்தில், மத்திய தாப்பானூலி மாவட்டத்தில் இருக்கிறது. மலாக்கா நீரிணை இருக்கும் பக்கம் அல்ல. அதற்கு நேர் எதிர்ப்பக்கம். முன்னால் இந்தியப் பெருங்கடல், தொலைவில் நியாஸ் தீவு, முதுகுக்குப் பின்னால் பாரிசான் மலைத்தொடர். அயெக் சிராஹார் என்ற ஆறு மலையிலிருந்து இறங்கி ஊரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. அருகிலுள்ள நகரம் தென்கிழக்கே உள்ள சிபோல்கா.

வரைபடத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். பழைய எழுத்துகளில் இந்த ஊர் பல பெயர்களில் வருகிறது. அரபு, பாரசீக நூல்களில் ஃபன்சூர். 11ஆம் நூற்றாண்டுத் தமிழில் வரோசு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் பருசாய் தீவுகளும் இந்தப் பகுதியைத்தான் குறிக்கின்றன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

இவ்வளவு சிறிய ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

ஒரே காரணம் கற்பூரம். பாருஸுக்குப் பின்னால் உள்ள மலைக்காடுகளில் வளரும் ஒரு நெடுமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில், வெடிப்புகளுக்குள் வெண்படிகமாகக் கற்பூரம் உறைந்திருக்கும். அதை எடுக்க மரத்தை வெட்டிச் சாய்த்துப் பிளக்க வேண்டும். வெட்டிய மரங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. எந்த மரத்தில் இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல நம்பகமான வழி இல்லை. அதனால்தான் கற்பூரம் எடுக்கப் போனவர்கள் சடங்குகளையும் கனவுக் குறிகளையும் நம்பினார்கள். நாட்கணக்கில் காட்டில் அலைந்து வெறுங்கையோடு திரும்பும் தொழிலில் சகுனம் பார்க்காமல் இருப்பது கடினம்.

மலையில் எடுப்பவர்கள் பத்தாக் மக்கள். கரையில் வாங்கிக் கப்பலேற்றுபவர்கள் வேறு மக்கள். மலையிலிருந்து கற்பூரமும் சாம்பிராணியும் இறங்கும். கரையிலிருந்து உப்பும் துணியும் இரும்பும் ஏறும். பாருஸின் வரலாற்றை ஆட்டிவைத்தது இந்த ஏற்ற இறக்கம்தான். அரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கோவிலில் ஏற்றும் சூடமும் இதுவும் ஒன்றா?

இல்லை. சீனாவிலும் ஜப்பானிலும் வேறொரு மரத்தின் கட்டையை வடித்துக் கற்பூரம் எடுத்தார்கள். அந்த மரம் இலவங்கப்பட்டைக்கு உறவு. இன்று நம் கடைகளில் கிடைக்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. பாருஸ் கற்பூரம் இவை இரண்டும் அல்ல. வேதியியலில் அதற்குப் போர்னியால் என்று பெயர். வாசனை மென்மையானது, காற்றில் மெதுவாகவே கரையும். மருந்திலும் உணவிலும் சேர்க்கும் பச்சைக் கற்பூரம் என்று பழங்காலத்தில் மதிக்கப்பட்ட சரக்கு இந்த வகைதான். இன்று அந்தப் பெயரில் டப்பாவில் விற்பதெல்லாம் அதுவே என்று நம்பிவிட வேண்டாம்.

இந்தோனேசியாவில் இன்னொரு கூத்தும் உண்டு. அங்கே கடையில் போய்க் ‘காப்பூர் பாருஸ்’ என்று கேட்டால் துணிப்பெட்டியில் போடும் பூச்சி உருண்டையைத் தருவார்கள். தங்கத்துக்கு நிகராக விற்றது என்று மார்கோ போலோ எழுதிய சரக்கின் பெயர் கடைசியில் கரப்பான் விரட்டும் உருண்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எகிப்திய மம்மிகளுக்குப் பாருஸ் கற்பூரம் பயன்பட்டது என்கிறார்களே?

சுற்றுலாக் கையேடுகளில் மட்டும் செழித்து வளரும் கதை இது. இதற்கு உறுதியான சான்று கிடையாது. பாருஸ் பகுதியில் தோண்டி எடுத்த மிகப் பழைய குடியிருப்பே கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பார்வோன்களைத் துணைக்கு அழைக்காமலே பாருஸுக்குப் போதிய பெருமை உண்டு.

தமிழ்க் கல்வெட்டில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

பாருஸுக்கு அருகே உள்ள லோபு துவா என்ற இடத்தில் 1873இல் டச்சு ஆட்சிக்காலத்தில் இந்தக் கல் கண்டெடுக்கப்பட்டது. சேதமடைந்த தூண் போன்ற கல். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு மறுபடி படித்து வாசகத்தைத் திருத்தமாக்கினார்.

சக ஆண்டு 1010, மாசித் திங்கள் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது கி.பி. 1088. கல்லை நட்டவர்கள் ‘திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்’. தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா எங்கும் கிளை பரப்பியிருந்த வணிகக் கூட்டமைப்பு இது. வரோசு என்னும் பட்டினத்தின் துறைமுகப் பகுதியான வேளாபுரத்தில் அவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். பட்டினத்துக்கு ‘மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்’ என்று ஒரு நீளமான பட்டப்பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

முடிவு என்ன? வரும் மரக்கலத்தின் நாயகனும் உடன் வருபவர்களும், கஸ்தூரியின் விலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகையைப் பொன்னாகச் செலுத்திவிட்டுத்தான் ‘பாவாடை ஏற’ வேண்டும். மரியாதைக்குரியவர் நடந்து வர விரிக்கும் துணிதான் இங்கே பாவாடை. கட்டணத்தைக் கட்டாமல் கரையில் வரவேற்பும் இல்லை, வியாபாரமும் இல்லை என்பது பொருள். அந்த வருவாய், தாங்கள் ‘நம் மகனார்’ என்று அழைக்கும் நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலிய சிலருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசி வரி: ‘அறமறவற்க அறமல்லது துணையில்லை’. இது அக்காலக் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் முடிப்பு வாசகம்.

ஆக, இது வெற்றித் தூண் அல்ல, துறைமுகக் கட்டண அறிவிப்பு. சிலருக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. எனக்கென்னவோ, போர் முழக்கத்தைவிட இதுவே சுவையாகத் தெரிகிறது. ஊரில் குடியேறி, பண்டகசாலை வைத்து, வரும் கப்பலிடம் கட்டணம் வாங்கி, அதை யாருக்குக் கொடுப்பது என்று கூடிப் பேசி, கல்லிலும் பொறித்து வைக்கும் அளவுக்கு ஒரு வணிகச் சமூகம் அங்கே வேரூன்றியிருந்தது. படையெடுத்துப் போன கப்பல்கள் திரும்பிவிடும். கணக்கு எழுதுகிறவர்கள் தங்கிவிடுவார்கள்.

அப்படியானால் ராஜேந்திர சோழன் பாருஸை வெல்லவில்லையா?

1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வீழ்ந்த ஊர்களின் பட்டியல் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், கடாரம், சுமத்ராவின் வடமுனையான இலாமுரி தேசம் எல்லாம் வருகின்றன. வரோசு வரவில்லை. இணையத்தில் உலவும் வரைபடங்களில் பாருஸையும் சேர்த்துப் புலிக்கொடி குத்தியிருப்பார்கள். மெய்க்கீர்த்தியில் அதற்கு இடமில்லை. லோபு துவாக் கல் நடப்பட்டது படையெடுப்புக்கு 63 ஆண்டுகள் கழித்து, தமிழகத்தில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தபோது. கல்லில் நாளைக் குறிக்கச் சோழ மன்னனின் ஆட்சியாண்டைக்கூட அவர்கள் எழுதவில்லை. சக ஆண்டைத்தான் எழுதினார்கள். யாருடைய பெயரால் அவர்கள் பேசினார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அகழாய்வில் என்ன கிடைத்தது?

1995 முதல் 2000 வரை லோபு துவாவில் பிரெஞ்சு–இந்தோனேசியக் குழு ஒன்று தோண்டியது. கிளோத் கியோ அதற்குத் தலைமை வகித்தார். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகூட்டிய மண்பாண்டம், தெற்காசியப் பானை ஓடுகள், மணிகள் என்று கலந்து கிடைத்தன. குடியிருப்பு 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, 11ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு கைவிடப்பட்டிருக்கிறது. அதாவது கல்வெட்டு நட்டுச் சில பத்தாண்டுகளுக்குள் ஊரே காலியாகிவிட்டது.

ஏன்? உள்ளூர்க் கதைகள் கெர்காசி என்னும் பூதங்கள் தாக்கி அழித்ததாகச் சொல்கின்றன. பூதம் என்று எதைச் சொன்னார்களோ, மண்ணுக்குள் அதற்கு விடை இல்லை.

அதன் பிறகு புக்கிட் ஹசாங் என்ற பக்கத்து இடத்தில் டேனியல் பெரே தலைமையில் இன்னோர் ஆய்வு நடந்தது. அங்கே 12ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. எனவே பாருஸ் அழியவில்லை. சற்றே இடம் பெயர்ந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஊருக்கு இரண்டு அரசர்கள் இருந்தார்களாமே?

ஆம். மேல்பாருஸுக்கு ஒருவர், கீழ்ப்பாருஸுக்கு ஒருவர். மேல்பாருஸ் அரச குடும்பம் மலைநாட்டுப் பத்தாக் மக்களோடு உறவு கொண்டாடியது. கீழ்ப்பாருஸ் குடும்பம் தெற்கே மினாங்கபாவ் கரையிலுள்ள தாருசானிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டது. இரு குடும்பங்களும் தனித்தனியாக வரலாற்றுச் சுவடிகள் எழுதி வைத்தன. இரண்டிலும் அவரவர் குடும்பத்துக்கே முதலிடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் முற்றிலும் ஒழித்துவிடவும் இல்லை. கற்பூரம் வரும் மலைப்பாதையும் வேண்டும், கப்பல் வரும் கரையும் வேண்டும் என்றால் இரண்டு வீடுகளும் இருந்தாக வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியரான டோமே பீரெஸ் இதைச் செல்வம் கொழிக்கும் துறைமுகமாக வர்ணித்தார். பின்னர் அச்சே சுல்தான்களின் கை ஓங்கியது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தாப்பானூலியின் நிர்வாகத்தைச் சிபோல்காவில் வைத்தார்கள். அந்த விரிகுடா பெரிய கப்பல்களுக்கு ஏற்றது. மலிவான ஜப்பானியக் கற்பூரமும் அதன் பின் ஆலைக் கற்பூரமும் வந்தபோது, பாருஸுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியது.

இஸ்லாம் இந்தோனேசியாவுக்குள் நுழைந்தது பாருஸ் வழியாகத்தானா?

2017 மார்ச் 24 அன்று அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ இங்கே ‘நுசாந்தாரா (இந்தோனேசியத் தீவுக்கூட்டம்) இஸ்லாமிய நாகரிகத்தின் தொடக்கப்புள்ளி’ என்ற நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார். அதிலிருந்து இந்தக் கேள்வி சூடுபிடித்தது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே, இங்கு முஸ்லிம்கள் வந்துவிட்டார்கள் என்று உள்ளூரில் உறுதியாக நம்புகிறார்கள். சில கல்லறைகளின் எழுத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கல்வெட்டறிஞர்கள் பலர் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. மறுபக்கம், அச்சேயில் உள்ள பாசாய்க்காரர்களும் தங்கள் ஊரே முதல் என்கிறார்கள். நினைவுச்சின்னம் திறந்துவிட்டதால் விவாதம் முடிந்துவிடாது.

ஐயமே இல்லாத பெருமை ஒன்று இருக்கிறது. மலாய் மொழியின் மிகப் பெரிய சூஃபிக் கவிஞர்களில் ஒருவரான ஹம்சா ஃபன்சூரி தன்னை இந்த ஊரோடு சேர்த்தே அழைத்துக்கொண்டார். நான்கடிச் செய்யுளை மலாயில் நிலைநாட்டியவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் நூருத்தீன் அல்ரானீரி என்ற குஜராத்திலிருந்து வந்த அறிஞர் அச்சே அரண்மனையில் செல்வாக்குப் பெற்றபோது, ஹம்சாவின் நூல்கள் வழிகேடு என்று எரிக்கப்பட்டன. தப்பிய பிரதிகளில்தான் இன்று அவரைப் படிக்கிறோம்.

இப்போது பாருஸில் யார் வாழ்கிறார்கள்? தமிழர் உண்டா?

கரையோரத்தில் வாழ்பவர்களைப் பெசிசிர் மக்கள் என்பார்கள். அவர்களின் பேச்சு மினாங்கபாவ் மொழிக்கு நெருக்கமானது. கூடவே தோபா பத்தாக், பக்பக், நியாஸ் மக்களும் இருக்கிறார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே உண்டு. மீன்பிடித்தல், நெல், ரப்பர், எண்ணெய்ப்பனை ஆகியவை பிழைப்புக்கு வழி.

தமிழ் பேசுவோர் இன்று இங்கே இல்லை. 1088ஆம் ஆண்டுக் கூட்டம் என்ன ஆனது என்று கேட்டால், மலைநாட்டுக் கரோ பத்தாக் மக்களிடம் உள்ள செம்பீரிங் என்னும் குலத்தைச் சுட்டுவார்கள். அதன் கிளைகளுக்குச் சோலியா, பாண்டியா, பிராமனா, மெலியாலா, பெலாவி என்ற பெயர்கள் இருக்கின்றன. தென்னிந்தியத் தொடர்பின் எச்சம் என்று ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள். அதற்காக அவர்களைத் ‘தொலைந்துபோன தமிழர்’ என்று அழைத்துக்கொண்டு போய் நின்றால் நமக்குத்தான் சங்கடம். அவர்கள் கரோ மக்கள். அவர்களுக்கென்று மொழியும் முறைமையும் உண்டு.

மேடான் நகரத் தமிழர்கள் வேறு கதை. 19ஆம் நூற்றாண்டில் டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களின் வழியினர் அவர்கள். காம்புங் மெட்ராஸ் என்ற பகுதியும் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் அவர்களுடையவை. பாருஸ் வணிகர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே 800 ஆண்டு இடைவெளி இருக்கிறது.

எப்படிப் போவது? எப்போது?

கோலாலம்பூர் வழியாக மேடான் போவது பலருக்கும் எளிது. அங்கிருந்து தோபா ஏரிக்கு அருகிலுள்ள சிலாங்கித் அல்லது சிபோல்காவுக்கு அருகிலுள்ள பினாங்சோரி விமான நிலையத்துக்குப் போகலாம். சாலை வழியே முழுதும் வருவதானால் ஒரு நாள் போய்விடும். சிபோல்காவிலிருந்து பாருஸுக்குக் கரையோரச் சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

இன்னொரு வழி, தோபா மேட்டுநிலத்தில் உள்ள டோலோக் சாங்குலிலிருந்து பக்காட் வழியாக இறங்குவது. வளைவுகள் அதிகம், வயிறு புரட்டும். ஆனால் கற்பூரமும் சாம்பிராணியும் கடலுக்கு இறங்கிய மலைச்சரிவை உடம்பால் உணர வேண்டுமானால் இதில்தான் வர வேண்டும்.

மழையில்லாக் காலம் என்று ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். சிபோல்காவைச் சுற்றிய பகுதி இந்தோனேசியாவிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் செந்யார் புயலால் வந்த வெள்ளமும் நிலச்சரிவும் மத்திய தாப்பானூலியைக் கடுமையாகத் தாக்கின. புறப்படும் முன் சாலை நிலவரத்தை உள்ளூரில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

போனால் எதைப் பார்ப்பது?

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்: கல்வெட்டு பாருஸில் இல்லை. அது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய் நெடுங்காலம் ஆகிறது. லோபு துவாவில் கண்ணுக்குத் தெரிவது மரங்களும் வயல்களும் வீடுகளும்தான். மதில், தூண், கோபுரம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பாப்பான் திங்கி என்ற குன்றின் உச்சியில் ஷேக் மஹ்மூதின் நீண்ட கல்லறை இருக்கிறது. 700க்கும் மேற்பட்ட படிகள். காலையிலேயே ஏறிவிடுங்கள், மேலே நின்றால் வயலும் ஊரும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். துறைமுகம் ஏன் இங்கே அமைந்தது என்று எந்தப் புத்தகத்தையும்விட அந்த இடம் தெளிவாகச் சொல்லும். மஹ்லிகாய் கல்லறைத் தோட்டம் ஏறுவதற்கு எளிது. கல்லறையில் நட்ட, செதுக்கிய பழைய மீசான் கற்கள் பல அங்கே உண்டு. இரண்டும் மக்கள் வழிபடும் இடங்கள் என்பதால் உடையில் கவனம் தேவை.

நேரமிருந்தால் சிபோல்கா பக்கமிருந்து படகில் முர்சாலா தீவுக்குப் போகலாம். அங்கே ஓர் அருவி நேராகக் கடலிலேயே விழுகிறது.

சாப்பாடு?

மீன்தான். மசாலாவும் தேங்காய்ப்பாலும் பூசிப் பூசித் தணலில் வாட்டும் ‘பங்காங் பாச்சாக்’ இந்தக் கரையின் பெருமை. காரம் நம் நாக்குக்குப் பழகியதுதான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சோறு, கீரை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு என்று சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் குழம்பில் நெத்திலி ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாருஸில் உண்மையான கற்பூரம் வாங்க முடியுமா?

படிகக் கற்பூரம் கிடைப்பது அரிது. அந்த மரமே அருகிவிட்டது. பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கட்டையிலிருந்து எடுத்த கற்பூர எண்ணெய் என்று சிறு குப்பிகளில் யாராவது விற்றால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வாசனைப் பொருள் ஏதாவது கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், மலைமேல் டோலோக் சாங்குல் சந்தையில் சாம்பிராணி வாங்குங்கள். தோபா மக்கள் அதை ஹாமின்ஜோன் என்கிறார்கள். மரத்தை வெட்டுவதில்லை, பட்டையைக் கீறிவிட்டு, சில மாதங்கள் கழித்து உறைந்த பிசினை எடுக்கிறார்கள். ஒரே மரம் பல ஆண்டுகள் தரும். கற்பூரத் தொழில் மாண்டுபோக இது மட்டும் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய வெண்கட்டிகள் உயர்தரம், விலையும் அதிகம். கறுத்த தூள் மலிவு. வீட்டில் தூபம் போடுவதற்கு நடுத்தரமே தாராளமாகப் போதும்.